லென்ஸில் வைத்த சந்தனம்: சாணார்பட்டிப் பக்கம் ஒரு காட்டுப்பூனைக்காக நான்கு நாள்

இந்த முறை ஆயுத பூஜை விடுமுறையோடு இரண்டு நாள் விடுப்பையும் சேர்த்துப் போட்டேன். வீட்டில் எல்லோரும் கொடைக்கானல் என்றார்கள். மலையேறும் கார் வரிசையில் பாதி விடுமுறையைக் கழிக்க எனக்குப் பொறுமை கிடையாது. அந்த நேரம் பார்த்து மங்கை போன் செய்தாள். கல்லூரியில் என்னோடு விலங்கியல் படித்தவள். படித்து முடித்து நான் வங்கிக்குப் போனேன், அவள் காட்டுக்குப் போனாள். இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு கண்மாயில், சீமைக்கருவேலத்தை எடுத்துவிட்டால் அங்கே இருக்கும் விலங்குகள் என்ன ஆகின்றன என்று ஆராய்ச்சி செய்கிறாள். "ஞாயித்துக்கிழமை ஊர்க் கூட்டம் இருக்குடி. எனக்குத் துணைக்கு வாயேன்" என்றாள். கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் திருச்சியில் பஸ். ஜன்னல் சீட்டுக்காக ஒருவரோடு லேசாக வாக்குவாதம். ஒன்பது மணிக்குத் திண்டுக்கல். நாகல் நகரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன், நாளொன்றுக்கு எண்ணூறு ரூபாய். மின்விசிறி நன்றாகச் சுற்றியது, குழாயில் மட்டும் தண்ணீர் யோசித்து யோசித்து வந்தது. பிரியாணியைப் பற்றி ஊர் உலகமே எழுதிவிட்டதால் நான் அதைத் தொடவில்லை (எழுத்தில் மட்டும்). அங்கிருந்து சாணார்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பெண்களுக்குக் காசில்லை. சாணார்பட்டியிலிருந்து மங்கையின் ஸ்கூட்டரில் நான்கு கிலோமீட்டர். கண்மாய் இருக்கும் ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் கேமராவோடு போய் நிற்பார்கள் என்று மங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

கண்மாய் என்றதும் தண்ணீரை எதிர்பார்த்துத்தான் போனேன். கண்ணுக்கு எட்டிய வரை முள். வரத்து வாய்க்காலையும் அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. மழை தொடங்குவதற்குள் மொத்தத்தையும் பிடுங்க வேண்டும் என்பது ஊரின் முடிவு, அதில் மங்கைக்கும் சம்மதம்தான். சிக்கல் கிழக்கு மூலையில். அங்கே அடர்ந்த முள்ளுக்குள் ஒரு காட்டுப்பூனை குட்டி போட்டிருந்தது. மூன்று குட்டிகள். மங்கை ஒரே ஒரு முறை கண்ணால் பார்த்தாள், போனை எடுப்பதற்குள் மறைந்துவிட்டன. ஊராட்சித் தலைவியிடம் சொன்னபோது, "படத்தைக் காட்டுங்க. இருந்தா அந்த மூலைய தை வரைக்கும் விட்டுருவோம்" என்றிருக்கிறார்.

மூலைக்குப் பக்கத்திலேயே இரண்டு ஏக்கரில் போன வருடம் மங்கை முள்ளை வேரோடு எடுத்துவிட்டு, கொழுக்கட்டைப் புல்லும் ஆவாரையும் வளர்த்திருக்கிறாள். புல் இடுப்பளவு நிற்கிறது. ஆனால் ஒரு வருடமாக அங்கே அவள் வைத்த கேமராவில் பதிவானது ஆடுகள், மாடுகள், மங்கையின் சொந்தக் கால்கள், அவ்வளவுதான். "முள்ள எடுங்கன்னு ஊருக்குச் சொல்றது நான்தான். எடுத்தா அதுங்க எங்க போகும்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்லடி" என்றாள். விளையாட்டாகப் பேசுகிறவள், அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

பூனையைப் படம் பிடிக்கக் கிழக்கு மூலையில் மட்டும் நான்கு கேமராக்கள். எதிரே ஏதாவது அசைந்தால் தானாகவே படம் எடுக்கிற பச்சைப் பெட்டிகள், முழங்கால் உயரத்தில் மரத்தோடு கட்டப்பட்டவை. அடிக்கடி போனால் மனித வாடைக்குப் பூனை ஒதுங்கிவிடும் என்று மங்கை பத்து நாளாக அந்தப் பக்கமே போகவில்லை. பெட்டிகள் திருடு போகாமல் பார்த்துக்கொள்வது பாண்டியண்ணன். அதே ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், முகம் நிறையச் சிரிப்பு. சனிக்கிழமை மதியம் நாங்கள் மூவரும் முதல் பெட்டியின் முன் குனிந்தோம். லென்ஸின் நட்டநடுவே சந்தனம், அதன் மேல் குங்குமம். அடுத்ததிலும் அப்படியே. நான்கிலும்.

மங்கை நிமிர்ந்து பாண்டியண்ணனைப் பார்த்தாள். "என்னண்ணே இது?"

"ஆயுத பூசைல்ல மேடம்? மம்பட்டி, அருவா, சைக்கிள் எல்லாத்துக்கும் வச்சேன். இதுவுந்தான நமக்குச் சோறு போடுது? நெத்தியில வைக்கலாம்னு பாத்தா இதுக்கு நெத்தி எதுன்னு தெரியல. நடுவுல வச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மங்கையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பூஜைக்கு முந்தைய படங்களில் கீரியும் மயிலும்தான் இருந்தன. பிந்தையவை எல்லாம் ஒரே மஞ்சள். ஒன்றில் மட்டும் ஓரத்தில் காது மாதிரி ஏதோ தெரிந்தது. விஷயம் புரிந்ததும் பாண்டியண்ணன் மதியச் சோற்றைத் தொடவில்லை. கட்டிக் கொண்டுவந்த தூக்குவாளியை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம். மங்கை எதையும் மறைக்காமல் மஞ்சள் படங்களையே காட்டினாள். "காமாலை வந்தது மாதிரில இருக்கு" என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. பாண்டியண்ணன் எழுந்தார். "மேடம் மேல தப்பில்ல. சந்தனம் வச்சது நாந்தேன்."

திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் திட்டவில்லை. "பூசைக்கு வைக்காம வேற எப்ப வைக்கிறதாம்?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தார். தலைவியும் தலையாட்டினார். "வச்சது சரிதான் அப்பு. ஆனா படம் இல்லையே. மேகம் நமக்காக நிக்குமா? நாளைக்கு வண்டி எறங்கட்டும்."

மங்கை கெஞ்சவில்லை. இரண்டே இரண்டு விஷயம் கேட்டாள். வேலையை மேற்கிலிருந்து தொடங்க வேண்டும். பூனை கடந்து போக வழியாக, கிழக்கு மூலைக்கும் புல்வெளிக்கும் நடுவே வண்டியோ ஆளோ நிற்கக் கூடாது. பொக்லைன் ஓட்டுநர் செல்வம், தாடிக்கொம்புக்காரர், ஒத்துக்கொண்டார். "அந்த மூலைய செவ்வாக்கிழமைக்கு வச்சுக்கிறேன் மேடம். அம்புட்டுத்தேன் என்னால முடியும்." அன்று மாலை பாண்டியண்ணன் நான்கு லென்ஸையும் தானே துடைத்து, இரண்டை மூலையிலும் இரண்டைப் புல்வெளி ஓரத்திலும் கட்டினார்.

திங்கட்கிழமை வண்டியின் சத்தத்தில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது. தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். சிற்பங்களுக்கு நடுவே நின்றுகொண்டு பூனையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போக நினைக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட இடங்களுக்கு ஆராய்ச்சியாளர் யாராவது அழைத்தால் மட்டும் போங்கள். கெட்டியான அடியுள்ள ஷூ அவசியம், சீமைக்கருவேல முள் செருப்பை ஊசி மாதிரி துளைக்கும். சென்ட் பூசாதீர்கள். குடிதண்ணீரைச் சாணார்பட்டியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மரத்தில் பெட்டி எதையாவது பார்த்தால் தொடாதீர்கள். பண்டிகை நாளாக இருந்தாலும்.

செவ்வாய் காலை எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டோம். கண்மாய் முழுக்கச் செம்மண், கிழக்கு மூலையில் மட்டும் ஒரு திட்டு முள். செல்வம் வண்டியை அணைத்துவிட்டு, "செத்த நேரம் நிக்கிறேன் மேடம், பாத்துட்டு வாங்க" என்றார். மூலைக் கேமராக்களில் ஒன்றுமில்லை. மங்கை புல்வெளிப் பக்கம் நடந்தாள். புல்வெளி ஓரத்துக் கேமராவின் மெமரி கார்டை எடுத்து மடிக்கணினியில் போட்டாள்.

திங்கட்கிழமை மாலை ஐந்தே முக்கால். தாய்ப்பூனை. வாயில் கழுத்தோடு கவ்விய ஒரு குட்டி. புல்லை நோக்கிப் போகிறது. ஆறு மணிக்கு இன்னொரு குட்டி. அதற்குப் பிறகு வெறும் புல், காற்றில் ஆடும் புல், வரிசையாக ஒரே மாதிரி படங்கள். மூன்றாவதைக் காணோம். மங்கை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய், காலை ஆறு பன்னிரண்டு. அதே தாய். வாயில் மூன்றாவது குட்டி, கால்கள் நான்கும் தொங்க. பின்னால் ஆவாரம்பூ.

"என்ன மேடம், இல்லையா?" என்று தள்ளி நின்றே கேட்டார் பாண்டியண்ணன். மங்கை திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, ஒளிக்கவில்லை.

மங்கை எழுந்து பொக்லைனை நோக்கி நடந்தாள். இரண்டு நாளுக்கு முன் ஊரிடம் எந்த மூலையை விடச் சொல்லி வந்து நின்றாளோ, அந்த மூலையைக் கை நீட்டிக் காட்டினாள்.

"எடுங்கண்ணே. வேரோட எடுங்க."