இரண்டாயிரம் மணி நேர பி.எஸ்சி.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். படப்பை மெயின் ரோட்டு ஷேர் ஆட்டோ சத்தம்கூட வேறு ஏதோ ஊரிலிருந்து வருவது போலக் கேட்டது. மொட்டை மாடியில் நாற்காலி போட்டு அரைத்தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டு ஏழுமலை மேலே வந்தார். கூடவே மகள் திவ்யா. அவர் கையில் கணக்கு எழுதிய ஒரு துண்டுத் தாள்.

"அக்கா, பேப்பர்லலாம் எழுதுறீங்க... நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க. ப்ளஸ் டூ முடிச்சிட்டு, பயாலஜிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்குது இது."

பத்தி எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம்ப இன்னும் ஆள் இருக்கிறது!

ஏழுமலைக்குப் பூர்வீகம் பிள்ளைப்பாக்கம். பதினெட்டு வருஷமாக ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் லைனில் நிற்கிறார். இந்தப் பக்கத்துக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரிய செலவு எதுவானாலும் ரூபாயில் சொல்ல மாட்டார்கள், ஓ.டி.யில், அதாவது ஓவர்டைம் மணிக்கணக்கில் சொல்வார்கள். ஃப்ரிட்ஜுக்கு இத்தனை மணி நேரம், காதுகுத்துக்கு இத்தனை மணி நேரம்...

"பிரைவேட் காலேஜு, ஹாஸ்டலு, எல்லாம் சேத்து மூணு லட்சம் லோன். ஒரு மணி ஓ.டி.க்கு நூத்தம்பது ரூபா. ரெண்டாயிரம் மணி நேரம்க்கா! வட்டி தனியா கீது. இவ்ளோ போட்டுப் படிச்சிட்டு வந்து இது இன்னா சம்பாதிக்கும்? அத்தச் சொல்லுங்க."

எண்களைக் கேட்டாலே எனக்குக் கண் சொருகும். இரண்டாயிரம் மணி நேரம்... எவ்வளவு தூக்கம் தூங்கலாம்!

மாடி மூலையில் ஓர் உடைந்த பக்கெட். அதில் பச்சை பிடித்துக் கிடந்த மழைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள் திவ்யா.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மாடி அறையில் குடியிருக்கும் முத்துமாரி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். மொபைல் போன் கம்பெனியில் வேலை. கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன்.

"ப்ளஸ் டூ படிச்சுட்டு நீ எவ்வளவு வாங்குறேன்னு இவங்களுக்குச் சொல்லும்மா."

"பதினேழாயிரத்து ஐநூறுக்கா. சாப்பாடு, பஸ்சு கம்பெனில."

"கேட்டியா?" என்று மகளைப் பார்த்தார் ஏழுமலை.

முத்துமாரி கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டாள். "ஆனா நான் ப்ளஸ் டூ இல்லக்கா. பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி."

அறைக்குள் போய், பெட்டியின் அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். உள்ளே பட்டம்.

"டிகிரின்னா லைன்ல எடுக்க மாட்டாங்க. ரெண்டு மாசத்துல ஓடிருவான்னு நெனைப்பாங்க. அதான் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் காட்டுனேன். படிச்ச மூணு வருசமும் வீட்டுல சும்மா இருந்தேன்னு சொல்லிட்டேன்."

"படிச்ச வேலைக்கே போலாமே?" இது ஏழுமலை.

"போனேன் அண்ணாச்சி. ரத்தம் டெஸ்ட் பண்ணுத லேப்பு. பன்னெண்டாயிரம். ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் ஏழாயிரம், லோனுக்கு நாலாயிரத்து ஐநூறு. மிச்சத்தை நீங்களே பாருங்க."

"ஐநூறு." ஏழுமலையின் குரல் இறங்கிவிட்டது. ஜெயித்தவர் முகமாகவே அது இல்லை. "இங்க இன்னா வேலம்மா உனக்கு?"

"மைக்ராஸ்கோப்புதான் அண்ணாச்சி!" சிரித்தாள். "போர்டுல ஈயம் ஒழுங்கா ஒட்டிருக்கான்னு பாக்கணும். மொத நாளே நான் டக்குனு ஃபோகஸ் பண்ணிட்டேன். 'இத எங்க கத்துக்கிட்ட?'ன்னு கேட்டாரு சூப்பர்வைசரு. எங்க ஊர்ல பீடி சுத்துவோம் சார், விரல் பழக்கம்னு சொல்லிட்டேன்!"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

திவ்யா அப்போதுதான் பேசினாள். "திரும்ப மொதல்லேர்ந்து படிக்கச் சொன்னா... இதையே படிப்பீங்களாக்கா?"

முத்துமாரி பர்ஸிலிருந்து ஒரு சின்ன மடக்கு லென்ஸை எடுத்தாள். பாட்டில் மூடியில் பக்கெட் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு, இரண்டையும் அவளிடம் கொடுத்தாள்.

திவ்யா குனிந்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"இன்னா கீது அப்டி?" ஏழுமலை பொறுக்க மாட்டாமல் லென்ஸை வாங்கினார். "அட... துளியூண்டு பூச்சி. கண்ணாடியாட்டம் கீது. உள்ள இன்னாவோ அடிச்சிக்குதே!"

"அதோட இதயம் அண்ணாச்சி."

ஏழுமலை அப்படியே குந்திவிட்டார். மேகம் வந்து வெயிலை மறைத்தது, விலகியது. கொடியில் முத்துமாரியின் யூனிஃபார்ம் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் நான்கு பேரும் ஒரு பாட்டில் மூடியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நேரம் போனதே தெரியவில்லை. நான் தூங்கவில்லை, சத்தியமாக. ஆனால் கனவு கண்டது போலத்தான் இருக்கிறது.

"படிப்பேன்," என்றாள் முத்துமாரி கடைசியில். "ஆனா இவ்வளவு லோன் போட மாட்டேன். சர்க்கார் காலேஜுல சேந்து, வீட்டுல இருந்தே பஸ்ல போவேன். மிச்சமாகுத காசுல எம்.எஸ்சி.யும் முடிச்சிட்டுத்தான் வேலை தேடுவேன்."

ஏழுமலை தாளைத் திருப்பிப்போட்டார். பின்பக்கத்தில் என்னவோ கிறுக்கினார். பஸ், ஃபீஸ், புத்தகம்... "மூணு வருஷத்துக்கு அறுநூறு மணி நேரம் வருது," என்றார் தனக்குத்தானே. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திவ்யாவின் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

முத்துமாரி கவரை என்னிடம் நீட்டினாள். "இது உங்க பீரோல இருக்கட்டும்க்கா. யாராச்சும் பாத்துட்டுக் கம்பெனில சொல்லிரப்போறாங்க. லோன் முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. அப்புறம் வாங்கிக்கிடுதேன்." இப்போது என் பட்டுப் புடவைகளுக்கு நடுவே மைக்ரோபயாலஜி உறங்குகிறது. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதை ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்.

என்னிடம் கேட்ட ஞாயத்தை நான் சொல்லவே இல்லை. சம்பளத்தில் கடனைக் கழிக்க எனக்கே தெரியும். ஆனால் ஒரு துளித் தண்ணீருக்குள் அடித்துக்கொண்டிருந்ததே... அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்றும் ஞாயிறு. அதே நாற்காலி, அதே அரைத்தூக்கம். திவ்யா ஒரு பாட்டிலோடு வந்து பக்கெட் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"அப்பா எங்கேம்மா, தூங்குறாரா?"

"இல்ல ஆன்ட்டி. ஓ.டி.க்குப் பேர் குடுத்துட்டாரு. காலைலயே கெளம்பிட்டாரு."

எட்டு மணி நேர ஷிஃப்ட். ஆக... அந்த அறுநூறில் இன்னும் ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு!