சிவப்பு மழையும் முப்பது விரிப்புகளும்

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். அவள் துவைத்த விரிப்பில் ஒரு கறை காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று, அங்கேயே பரிசோதனைக் கூடத்தில் இருக்கும் நான் பந்தயம் கட்டுவேன்.

ஒரு விடியற்காலை, தெருவே தூங்கிக்கொண்டிருந்தபோது, பத்தே நிமிடம் சிவப்பாக மழை பெய்தது. ஆஸ்பத்திரி மொட்டைமாடிக் கொடியில் கிடந்த முப்பது விரிப்புகளையும் அவள் அள்ளுவதற்குள் எல்லாவற்றிலும் ரத்தம் தெறித்த மாதிரிப் புள்ளிகள். பின்னாலேயே நல்ல மழை கொட்டி மாடியைக் கழுவிவிட்டது. கண்காணிப்பாளர் வந்தபோது சிவப்பு நிறம் விரிப்புகளில் மட்டும்தான் இருந்தது.

"மழை சிவப்பா பெய்ஞ்சுதுங்க."

"யார் காதுல பூ சுத்துறே? ஆபரேஷன் ரத்தம் சரியா போகல. நாளையிலேருந்து வர வேண்டாம்."

விஷயம் தெரிந்து மத்தியானம் ஓடினேன். ஒரு விரிப்பு கிடைத்தால் போதும், நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடலாம். முப்பதையும் பளிச்சென்று துவைத்து, மடித்து அடுக்கியிருந்தாள்.

"ஒண்ணையாவது அப்படியே வெச்சிருக்கக் கூடாதாக்கா?"

"கறையோட விட்டுட்டுப் போனா என்னடா பேசுவாங்க?"

வந்த கோபத்தில் அவளைத்தான் திட்டினேன். அதற்காக என்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "மழைதான்" என்றவள், கொஞ்ச நாளில் "மழையாத்தான் இருக்கும்" என்றாள். அப்புறம் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டுத் துணியை மும்மூன்று தடவை துவைத்தாள். விரலிடுக்கெல்லாம் புண்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி சிவப்பாகப் பெய்தது, பட்டப்பகலில், ஊரே பார்க்க. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். ரத்த அணு என்றால் மழைத்தண்ணீரில் உப்பி வெடித்துவிடும். இவை தடித்த தோலோடு முழுசாக இருந்தன. மரப்பட்டையில் வளரும் ஒருவகைப் பாசியின் வித்துகள். காற்று தூக்கிப் போனதை மழை இறக்கியிருக்கிறது. சில இடங்களில் பாலைவனப் புழுதியும் இப்படிச் செய்யும். மகரந்தம் கலந்தால் மஞ்சள், கரி கலந்தால் கறுப்பு. கண்காணிப்பாளர் நான் எழுதிய அறிக்கையைப் படித்துவிட்டு "அடடா" என்றார். அவ்வளவுதான்.

போட்டிருந்த வெள்ளை அங்கியோடு அக்கா வீட்டுக்கு ஓடி, வரிவரியாகப் படித்துக் காட்டினேன்.

"ரத்தமே இல்லக்கா. உன் மேல தப்பே இல்ல."

தலையாட்டினாள். பார்வை என் அங்கியின் கைப்பக்கம் இருந்தது. நானும் பார்த்தேன். அங்கே ஒன்றுமே இல்லை.

"சரிடா. அதைக் கழட்டிக் கொடு. இன்னும் போகல பாரு. இன்னொரு தடவ அலசிடறேன்."