மூன்று சிவப்புக் கோடுகள்

மகள் கூட்டிப்போன ஓவியக் கண்காட்சியில், நடுக்கூடத்தில் கயிறு கட்டி, விளக்குப் போட்டு, ஒரு நீலத் தண்ணீர் டிரம்மை நிறுத்தியிருந்தார்கள். அதில் இரண்டு மஞ்சள் வட்டங்கள். அவை நகரத்தின் தனிமையாம். கலைஞரின் பெயரோடு அட்டையில் எழுதியிருந்தது.

"ஆர்ட் உம்மா இது," என்றாள் மகள். எனக்கு எரிச்சலாக வந்தது.

தாராவியில் எங்கள் சந்துக் குழாயடியில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, டிரம்கள்தான் நிற்கும். எல்லாமே நீலம் என்பதால் வீட்டுக்கு ஒரு பெயிண்ட் அடையாளம். எங்களுக்கு மூன்று சிவப்புக் கோடுகள். எட்டு வயதில் அவை எனக்கு அசிங்கமாகப் பட்டன. மேலே வெள்ளைப் பெயிண்ட் பூசி ஒரு பெரிய மீன் வரைந்தேன். மறுநாள் காலை, யார் வீட்டு டிரம் என்று தெரியாமல் அதை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். என் உம்மா குழாயடிக்கு வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

"மீன் வரஞ்சிட்டியே, அது நீந்த தண்ணிக்கு நான் எங்கட்டி போவேன்?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். மண்ணெண்ணெய்த் துணியால் மீனைத் துடைத்துவிட்டு, மறுபடியும் மூன்று கோடுகள் இழுத்தாள். நல்ல மீன் அது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அட்டையை மறுபடியும் படித்தேன். பிறகு காவலாளியிடம், இது யார் வீட்டு டிரம் என்று இந்தியில் கேட்டேன்.

"மாலும் நஹி, மேடம்," என்று கையை விரித்தார்.

எங்கள் சந்தாக இருந்தால் எப்போதோ ஓரமாகத் தள்ளியிருப்பார்கள்.