மூலத்தில் இல்லாத வரி

நான் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே வீட்டுச் சொந்தக்காரர் ஸ்ரீவத்ஸ், தனிக்கட்டை. வாய் திறந்தால் யாரோ இரண்டு பெண்களைப் பற்றித்தான் பேச்சு. "பெரியவளுக்குக் கப்பலில் ஒரே வாந்தியாம், ரூபா" என்பார் என்னிடம், நான் படி இறங்கும்போதே. முதலில் பதறிப்போனேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெண்கள் செத்தே நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது.

விக்டோரியா ராணி காலத்தில் தேசம் தேசமாகச் சுற்றிய அக்காள் தங்கை அவர்கள். வீட்டோடு இருந்த அண்ணனுக்கு அவர்கள் எழுதிய கடிதங்களை இங்கிலாந்தில் ஒரு நூலகம் படமெடுத்து அனுப்பும். இவர் மைசூரில் உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து கம்ப்யூட்டரில் தட்டி அனுப்புவார். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவருக்கு ஏற்ற வேலைதான். அந்த அண்ணன் போட்ட பதில் மட்டும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையாம்.

இவருக்கும் இரண்டு தங்கைகள். மேதா ஆஸ்திரேலியாவில், மேகனா கனடாவில். வருடா வருடம் பொங்கலுக்கு மறுநாள் கனுவன்று, கூடப்பிறந்தவன் நன்றாக இருக்கவேண்டும் என்று மஞ்சள் சோறும் சிவப்புச் சோறும் காக்கைக்குப் பிடி பிடியாக இலையில் வைத்து, படம் எடுத்து அனுப்புவார்கள். கனடாக் குளிரில் காக்கைக்கு எங்கே போவது, மேகனா பனிமேலேயே இலையை வைப்பாள். இந்த வருடம் படமே வரவில்லை. பங்குனி பிறந்து, மேல்கோட்டையில் வைரமுடி உற்சவமும் முடிந்துபோயிற்று. ஒரு போன் போட்டுக் கேளுங்களேன் என்றேன். பிடி வைப்பது பெண்கள், முதலில் வாய் திறக்கவேண்டியதும் அவர்கள்தான் என்றார். வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை! தங்கைகள் தன்னை மறந்தே விட்டார்களோ என்ற பயம் அந்த மனுஷனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆனைக்கும் அடி சறுக்கியது. "உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே, நலமா?" என்று அந்த வெள்ளைக்காரப் பெண்கள் கேட்டிருந்த கடிதம் ஒன்று வந்தது. தட்டி முடித்தவர், தன்னை அறியாமல் அதன் அடியில் பதிலையும் தட்டி அனுப்பிவிட்டார். அதுவும் தமிழில், தன் வீட்டுக் கடிதங்களில் எழுதுகிற வழக்கப்படி: "இவ்விடம் க்ஷேமம். அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்." மறுநாளே நூலகத்திலிருந்து குறிப்பு வந்தது. இந்த வரி மூலத்தில் இல்லை, நீக்கவும்.

என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"நான் க்ஷேமமா இருக்கேன்னு வேற யாருக்கு எழுதறது, ரூபா?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. வாயில் வந்ததோ கோபம்.

"உயிரோட இருக்கறவங்களுக்கு எழுதுங்க சார்."

அவர் அந்த வரியை நீக்கினார். பிறகு போனை எடுத்து, அதையே தங்கைகள் இருவருக்கும் அனுப்பினார்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டருகே போனும் கையுமாக நின்றிருந்தார். மேகனா இன்னும் பார்க்கவே இல்லை. மேதா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தாள். கூட ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாத்தியா, உடனே பதில் போட்டுட்டா" என்றார். எனக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று அந்தக் கட்டைவிரலைப் பெரிதாக்கியும் காட்டினார்.