ஞாயிற்றுக்கட்டம்

ஷெரோனுக்கு ஓரிடத்தில் இருக்க வராது. உயர்தரப் பரீட்சை முடிந்த பின் தையல் வகுப்புக்குப் பத்து நாள், கணினி வகுப்புக்கு ஒரு மாதம் என்று ஓடித் திரிந்தாள். அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலை, பருத்தித்துறைக் கடற்கரைப் பாறையில் தினமும் காலையில் கால்மணி நேரம் அசையாமல் குந்தியிருந்து பூச்சி எண்ணுவது.

விரல்நகமளவு சாம்பல்நிறப் பூச்சி, பதினான்கு கால். நிழல் பட்டாலே பாறை வெடிப்புக்குள் ஓடிவிடும். ஆள் அசையாதிருந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். கயிறு கட்டிய சதுரத்துக்குள் வருவதை எண்ணி அட்டவணையில் எழுத வேண்டும். ஒழுங்காகச் செய்தால் அடுத்த ஆய்வுக்கு மன்னாருக்குக் கூட்டிப்போவதாக, ஆய்வு நடத்தும் சிசிலியா மிஸ் சொல்லியிருந்தார். ஷெரோனின் நினைப்பெல்லாம் மன்னார்தான்.

சிக்கல் ஞாயிற்றில் வந்தது. ஓய்வுநாளில் வேலை செய்யத் தாய் மிரியம் விடமாட்டார்.

"கடவுளே ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தவர். உனக்கு மட்டும் இருக்கேலாதோ?"

"பூச்சிக்கு ஞாயிறு தெரியுமோ அம்மா?"

"உனக்குத் தெரியுந்தானே."

ஆகவே சனிக்கிழமை எண்ணிக்கையில் ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைத்து ஞாயிற்றுக்கட்டத்தை நிரப்பினாள். வாராவாரம் அட்டவணையைப் படமெடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பினாள். இப்படி நான்கு ஞாயிறு போனது.

ஐந்தாவது சனிக்கிழமை மிஸ் தொலைபேசியில் பேசினார். "திங்கள் அங்கை வாறன். உன்ரை ஞாயிறுகளைப் பற்றிக் கதைக்கோணும்."

மறுநாள் காலை ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஷெரோன் கோயில் பக்கம் திரும்பாமல் கடற்கரைக்குச் சைக்கிள் மிதித்தாள். அங்குள்ள கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றில் கடலுக்குப் போவதில்லை. வலை உதறவும் மீன் வெட்டவும் ஒருவருமில்லை. குந்தினாள். கால் விறைத்தது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தும் எழவில்லை. பூச்சிகள் வந்தன, அவள் செருப்பிலும் ஏறின. சனிக்கிழமை முப்பத்தெட்டு. இன்று நூற்றுப் பதினேழு.

திங்கட்கிழமை பாறையடியில் மிஸ் அட்டவணையை வாங்கினார். முந்தைய நான்கு ஞாயிற்றையும் ஷெரோன் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தாள்.

"உது நாலும் நான் எண்ணேல்லை மிஸ். சும்மா எழுதினது."

"தெரியும். சனியும் ஞாயிறும் ஒரே மாதிரி வராது. ஆள் நடமாட்டம் இல்லாத நாளிலை என்ன நடக்குது எண்டு பாக்கத்தானே உன்னை விட்டனான்."

"மன்னார்?"

"நாலு ஞாயிறு குறையுது. முதல் அதை எண்ணு. அம்மா விடுவாவோ?"

"இனிப் பின்னேர ஆராதனைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டன். இன்னும் முகத்தை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறா."

மிஸ் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஷெரோன் அதற்குள் குந்திவிட்டாள். மிஸ்ஸின் நிழல் சதுரத்தில் விழுந்திருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ மிஸ்," என்றாள்.