பின்பக்கத்துப் பச்சை

வால்ட் நேமெத்தை எனக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியும். அமெரிக்கன் ஃபுட்பால் அணி ஒன்றில் வேலை. ஆட்டக்காரர்களின் துணிமணிகளைத் துவைப்பது நான். ஹெல்மெட்டும் தோள் கவசமும் அவன் பொறுப்பு. எங்கள் அறைகளுக்கு நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவன் அந்தப் பக்கமிருந்து கத்துவதும் நான் இந்தப் பக்கமிருந்து பதிலுக்குக் கத்துவதும் கட்டடத்தில் எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி. போன ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை அவன் துவைக்கப் போட்ட துணி ஒன்று என் கையில் சிக்கியது. அதற்குப் பிறகு நாங்கள் கத்திக்கொள்வதில்லை.

துணியைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வால்ட் பிறந்தது டொலீடோ நகரத்தில், ஆற்றின் கிழக்குக் கரையில், ஹங்கேரிக்காரர்கள் தெருவில். அப்பா கண்ணாடித் தொழிற்சாலையில் உலைமுன் நின்றவர். பையன் ஆறடி மூன்றங்குலம் வளர்ந்துவிட்டதால் பள்ளி அணியில் டைட் எண்டாக நிறுத்தினார்கள். டைட் எண்ட் என்பவன் வரிசையின் ஓரத்தில் நிற்பான். பாதி நேரம் எதிரணி முரடனை முட்டித் தடுக்க வேண்டும். மீதி நேரம் அதே ஆள் ஓடிப்போய்ப் பந்தையும் பிடிக்க வேண்டும். தடுப்பவர்கள் இவனை நோஞ்சான் என்பார்கள், பிடிப்பவர்கள் ஆமை என்பார்கள். வால்டுக்குக் கடைசி வருடம் முழுக்க ஒரே ஒரு பந்துதான் வந்தது. அதைப் பிடித்தான், விழுந்தான், முழங்கால் போயிற்று. அணி ஜெயித்தது. மறுநாள் ஊர்ப் பத்திரிகையில் பந்தை எறிந்தவன் பெயர் இருந்தது, பிடித்தவன் பெயர் இல்லை.

அந்தப் பத்திரிகைத் துண்டை இன்னும் வைத்திருக்கிறான். அறுபத்தொரு வயதாகிறது, மனைவி விட்டுப்போய்ப் பதினைந்து வருடமாகிறது, இன்னும் அந்த ஒரு பந்தைத் தாண்டி அவன் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானம் தெருமுனை பாரில் உட்கார்ந்தால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். டைட் எண்டுக்கு உச்ச சம்பளம் கொடுக்கலாமா, கூடாதா? பார் நடத்தும் ஸோல்டனுக்கு இவனைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

“யோவ் வால்ட், பந்து பிடிச்சு ஓடறவனுக்குக் குடு, ஒத்துக்கறேன். ஓரமா நின்னு முட்டறவனுக்கு எதுக்குய்யா வருஷத்துக்கு ரெண்டு கோடி டாலர்?”

“அவன் ரெண்டு ஆள் வேலை பாக்கறான்யா. ரெண்டு ஆள் சம்பளமா கேட்டான்? ஒரு ஆளோட உச்ச சம்பளம்தானே கேக்கறான்!”

“அப்படின்னா நீயும் கேளு. நீ தினம் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறியே.”

எல்லோரும் சிரிப்பார்கள். வால்ட் தட்டிலிருந்த சாசேஜைக் கத்தியால் குத்துவான். அவனுக்கு இது விளையாட்டு இல்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஹெல்மெட்டைப் பார்த்தே ஆட்டத்தைச் சொல்லிவிடுவான் வால்ட். ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரணி ஹெல்மெட்டின் சாயம் நம் ஆட்களின் ஹெல்மெட்டில் ஒட்டிக்கொண்டு வரும். சிவப்பு, நீலம், ஆரஞ்சு. அடுத்த ஆட்டத்துக்குள் அதையெல்லாம் மருந்து போட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குவது அவன் வேலை. துடைப்பதற்கு முன் ஒருமுறை கையில் வைத்துத் திருப்பிப் பார்ப்பான். நெற்றியில் சாயம் இருந்தால் முட்டித் தடுத்திருக்கிறான். பக்கவாட்டில் இருந்தால் பந்தோடு ஓடும்போது அடி வாங்கியிருக்கிறான். பின்மண்டையில் பச்சை இருந்தால் அது எதிராளியின் சாயம் இல்லை. செயற்கைப் புல்லின் பச்சை அது. மல்லாக்க விழுந்து தலை தரையில் மோதியிருக்கிறது என்று அர்த்தம்.

டெவ்ரி ஹாலோவே இங்கே வந்து ஐந்து வருடமாகிறது. மிசிசிப்பிக்காரன், டைட் எண்ட். வந்த முதல் நாளே நேராக வால்டிடம் போய், “பெருசு, என் தலை கொஞ்சம் கோணல், பாத்து மாட்டி விடு” என்றானாம். அதோடு அவன் பக்கம் சாய்ந்துவிட்டான் வால்ட். டெவ்ரி முட்டினால் எதிரணி முரடன் பின்வாங்குவான், பந்து வந்தால் விடமாட்டான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வரும்: “மேவிஸ்! வந்து பாரு, நெத்தியில மூணு அணி கலர்!” பெற்ற பிள்ளையின் பரீட்சைத் தாளைக் காட்டுவதைப்போலக் காட்டுவான்.

போன அக்டோபரில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. டெவ்ரி மத்தியானங்களில் என் அறைக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு, உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவான்.

“என்னடா ஆச்சு?”

“வெளிச்சம் குத்துது மேவிஸம்மா. பத்து நிமிஷம்.”

பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகும். ஒருநாள் போகும்போது, “உங்க பேத்தி பொறந்தாச்சா?” என்று கேட்டான். போன வாரம்தான் அவளுக்குக் குட்டிச் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தான். அந்தச் சட்டையைப் போட்டு எடுத்த பேத்தியின் படத்தையும் நான் அவனிடம் காட்டியிருந்தேன்.

வால்டிடம் சொன்னேன். “களைப்பு” என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு முன்னமே தெரியும் என்று புரிந்தது.

நவம்பரில் டெவ்ரியின் ஏஜென்ட் ஸ்ட்ராட் வந்தார். டெவ்ரியின் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. அணி நிர்வாகம் அவனை வெறும் பந்து பிடிப்பவனாக மட்டும் கணக்கில் எடுத்து, பந்து பிடிப்பவர்களில் நடுத்தரமானவன் என்று விலை பேசிக்கொண்டிருந்தது. பிடித்த பந்தை எண்ணலாம், தடுக்கும் வேலைக்கு எண்ணிக்கை கிடையாது, அதனால் அதற்கு விலையும் கிடையாது. ஸ்ட்ராட் வால்டின் மேஜையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“நீங்கதானே இவன் ஹெல்மெட்டைத் துடைக்கறீங்க?”

“ஆமா.”

“இனிமே துடைக்காதீங்க. கடைசி ஆறு ஆட்டத்துக்கு ஆறு ஹெல்மெட் குடுங்க. ஆட்டம் முடிஞ்சதும் அப்படியே எடுத்துப் பூட்டி வைங்க. மார்ச்ல நான் அந்த ஆறையும் வரிசையா அவங்க மேஜையில வைக்கறேன். தடுக்கறது ஒரு வேலையே இல்லைன்னு அப்புறம் எவனாவது சொல்லட்டும்.”

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வால்ட் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுதிருப்பான். நாற்பத்து மூன்று வருடமாகப் பாரில் கத்தியது, கடைசியில் ஒரு மேஜையில் சாட்சியோடு ஏறப்போகிறது.

ஆறு வாரம் ஒவ்வொரு ஹெல்மெட்டாக உள்ளே பஞ்சணை வைத்து, டெவ்ரியின் கோணல் தலைக்குச் சரிபார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் அலமாரியில் வைத்துப் பூட்டினான். சாவி அவன் கழுத்தில் தொங்கியது. ஹெல்மெட்டைப் பார்க்க என்னை அவன் கூப்பிடவே இல்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கடைசி ஆட்டத்துக்கு மறுநாள், அந்தத் திங்கட்கிழமை, அவன் கூடையிலிருந்து துணிகளைக் கொட்டினேன். துடைக்கும் துணி ஒன்று உருண்டையாகச் சுருட்டிக் கிடந்தது. பிரித்தேன். சிவப்பு இல்லை, நீலம் இல்லை, ஆரஞ்சு ஒரு பொட்டுகூட இல்லை. முழுக்கப் பச்சை. ஒரு ஆட்டத்தின் பச்சை அவ்வளவு வராது.

துணியை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனேன். அலமாரி திறந்திருந்தது. ஆறு ஹெல்மெட்டும் வரிசையாக இருந்தன. நெற்றியில் எல்லாக் கலரும் அப்பிக் கிடந்தது. நான் ஒவ்வொன்றையும் திருப்பினேன். ஆறு பின்மண்டையும் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த மாதிரி மின்னின.

“இது என்னய்யா?”

வால்ட் துணியைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. “கதவைச் சாத்து.”

“எத்தனை தடவை விழுந்திருக்கான்?”

“பதினொண்ணு. ஆறு ஆட்டத்துல பதினொண்ணு. அதுல ரெண்டு தடவை எழுந்து எதிரணிப் பக்கம் போய் நின்னான். தள்ளிட்டு வந்தாங்க. டாக்டர் கேட்டதுக்குக் கால் தடுக்கிடுச்சுன்னு சொல்லிட்டான்.”

“டாக்டர்கிட்ட நீ சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா?” சட்டென்று திரும்பினான். “சொன்னா அன்னிக்கே உக்கார வெச்சிருவாங்க. தலை அடிபட்ட டைட் எண்டுக்கு எவன் குடுப்பான் ரெண்டு கோடி? ரெண்டு லட்சம்கூடத் தரமாட்டான். அவனே என் கையப் புடிச்சுக் கேட்டான் மேவிஸ். ‘பெருசு, ரெண்டு பொண்ணுங்க இருக்கு, ஒரு கையெழுத்து மட்டும் போட விடு’ன்னான். அவனுக்கு அந்தச் சம்பளத்துக்குத் தகுதி இல்லையா? நீயே சொல்லு, இல்லையா?”

“இருக்குய்யா. அதுக்கு அவன் குடுத்தது என்னன்னுதானே இந்தத் துணியில இருக்கு?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் துணியை அவன் மூஞ்சியில் எறிந்திருப்பேன். எறியவில்லை. என் அறைக்குக் கொண்டுவந்தேன், ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அறை எதிர்ச்சாரியில்தான், என் கதவிலிருந்து பதினோரு எட்டு. கடைசியில் துணியை வெந்நீரில் போட்டு இயந்திரத்தைச் சுற்ற விட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மார்ச்சில் ஸ்ட்ராட் ஆறு ஹெல்மெட்டையும் நிர்வாகத்தின் மேஜையில் வரிசையாக வைத்தார். நெற்றிப்பக்கம் அவர்களைப் பார்த்து இருக்கும்படி. ஒருவரும் எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லையாம். டைட் எண்டுகளில் இதுவரை யாருக்கும் கொடுக்காத சம்பளம், நான்கு வருடத்துக்கு. ஸோல்டன் அன்றைக்குப் பாரில் எல்லோருக்கும் இலவசமாக ஊற்றினான். “ஜெயிச்சுட்டய்யா வால்ட்! நான் தோத்தேன், போதுமா?” என்று அவனைக் கட்டிப்பிடித்தான். வால்ட் கோப்பையைத் தொடவில்லை.

கையெழுத்துப் போட்ட கையோடு டெவ்ரி கோட்டும் சூட்டுமாகக் கீழே எங்களைப் பார்க்க வந்தான். மேலே பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். வால்டைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றினான். கையெழுத்துப் போட்ட பேனாவை அவன் சட்டைப்பையில் செருகினான்.

“இது உன்னுது பெருசு. உன் பேரைப் பேப்பர்ல போடச் சொல்லியிருக்கேன்.”

என்னையும் அணைத்துக்கொண்டான். பிறகு சிரித்தபடியே திரும்பி நடந்து, துண்டுகள் அடுக்கும் அலமாரியின் கதவைத் திறந்தான். உள்ளே ஒரு கால் வைத்தான். நின்றான். ஐந்து வருடமாகத் தினமும் வந்து போகும் அறை அது. முதுகு எங்கள் பக்கம் இருந்தது. துண்டுகளையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

“இந்த வழியா மேல போகலாம்தானே?” என்றான், திரும்பாமல்.

வால்ட் போய் அவன் முழங்கையைப் பிடித்தான். “இந்தப் பக்கம் தம்பி” என்று மெதுவாகச் சொல்லிப் படிக்கட்டு வரை கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். பேனாவைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தான்.

“தகுதி இருக்கு மேவிஸ். அவன் குடுத்ததுக்கு இது ஒரு சென்ட்கூட அதிகம் இல்ல. அதான் பயமா இருக்கு.”

மறுநாள் பத்திரிகையில் அவன் பெயர் நிஜமாகவே வந்தது, எழுத்துப்பிழை இல்லாமல். அதை அவன் வெட்டி வைக்கவில்லை.

இன்று ஜூலை இருபத்திரண்டு. நாளை மறுநாள் பயிற்சி ஆரம்பம். சுவருக்கு அந்தப் பக்கம் வால்ட் புது ஹெல்மெட்டில் பஞ்சணை வைத்துக்கொண்டிருக்கிறான், கோணல் தலைக்கு. வழக்கமாக ஒன்று வைக்கும் இடத்தில் பின்பக்கம் மூன்று வைக்கிறான். மூன்று வைத்தால் ஹெல்மெட் தலையில் உட்காராது என்று எனக்கே தெரியும். அவனுக்குத் தெரியாதா? எடுப்பான், மறுபடி வைப்பான். டாக்டர் வந்துவிட்டார், அவர் அறையில் விளக்கு எரிகிறது. பதினோரு எட்டுதான். வால்ட் இன்னும் போகவில்லை. நானும்தான் போகவில்லை.