மலைப்பக்கம் தலை

அண்ணாமலை அடிவாரத்தில், வேங்கிக்காலில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் நான் மயக்க மருந்து டாக்டர். தியேட்டருக்குள் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபத்தை அடுத்தடுத்துக் கிளப்பியவர் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் ஒருவர்.

முதுகில், தோள்பட்டைக்குக் கீழே கொழுப்புக் கட்டி. தசைக்கு அடியில் இறங்கியிருந்ததால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதாது. முழு மயக்கம் கொடுத்துக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். வழக்கமாக மல்லாந்த நிலையில் மயக்கம் கொடுத்து, குரல்நாண்களுக்கு நடுவே மூச்சு தரும் குழாயைச் செலுத்தி, பிறகு நாலு பேர் சேர்ந்து புரட்டுவோம். இதைச் சொன்னதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தொண்டைக்குள்ள கொழாய்னா எனக்கு ஆபரேஷனே வேணாம் டாக்டரம்மா."

"வேணாம்னா எதுக்கு வந்தீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். மனைவி பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. பேச்சு போய்விட்டது. சாயங்காலம் இவர் கட்டிலருகே உட்கார்ந்து பாடும்போது மட்டும் அந்த அம்மாவின் உதடு அசையும். அவரைத் தூக்கி உட்கார வைக்க முதுகுவலி விடவில்லை என்றுதான் ஆபரேஷனுக்கே வந்திருக்கிறார்.

"அவ எங்கிட்ட பேசுறது அது ஒண்ணுதான். ஒரு வாரம் என் கொரலு கட்டிக்கினாகூட பயந்துடுவா."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இன்னொரு வழி இருந்தது. மாஸ்க் என்போம், முகத்தில் மாட்டுவது அல்ல. வாய் வழியாகப் போய், குரல்நாண்களுக்குள் நுழையாமல், அவற்றுக்கு மேலே மெத்தென்று உட்கார்ந்து மூச்சு தரும். குப்புறக் கிடப்பவருக்கு அதைப் போட எல்லோரும் துணிய மாட்டார்கள். நழுவினால் சரிசெய்வது சிரமம், அவசரமாகப் புரட்ட வேண்டி வரலாம். ஆனால் இவர் ஒல்லி, ஆபரேஷன் சின்னது, நானும் முன்பு போட்டிருக்கிறேன்.

"கரகரப்பு கம்மியா இருக்கும். இருக்கவே இருக்காதுனு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றேன். தலையாட்டினார்.

இந்த முறையில் நோயாளி விழித்திருக்கும்போதே தானாகக் குப்புறப் படுத்துக்கொள்வார். "படுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு மருந்தெடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் என் மெஷினுக்கு முன்னால் இரண்டு பாதங்கள். மறுகோடியில் கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, சன்னதியில் விழுந்து கும்பிடுகிறவர் மாதிரி கிடந்தார்.

"என்னங்க இது! உங்க காலுக்கா நான் மயக்கம் கொடுக்கணும்?"

"மலை இந்தப் பக்கம் இருக்குது டாக்டரம்மா. அதைப் பார்த்து காலை நீட்டச் சொல்றீங்களே."

அடி அண்ணாமலையிலிருந்து வரும் நர்ஸ், "நாங்க வீட்லகூட நீட்ட மாட்டோம் மேடம்" என்றாள். திட்டிக்கொண்டே மெஷினை அவர் தலைப்பக்கத்துக்கு இழுத்துப் போனேன்.

கூப்பிய கைகளைப் பிரித்துப் பக்கவாட்டில் வைத்தேன். முகத்தை ஒரு பக்கம் திருப்பினேன். மருந்து ஏறியதும் மாஸ்க் சரியாக உட்கார்ந்தது. நடுவில் ஒருமுறை ஸ்ஸ் என்று காற்று கசிந்தது. அவசரமாக அவரைப் புரட்டிப் போட நேர்ந்தால் என்று பக்கத்தில் நிறுத்தியிருந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்துக்கொண்டேன். குனிந்து அவர் தாடையைச் சற்றே தூக்கி மாஸ்க்கை அழுத்தினேன். கசிவு நின்றது. ஆபரேஷன் முடியும்வரை அந்தத் தாடையிலிருந்து கையை எடுக்கவில்லை.

விழித்ததும் அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வரி பாடிப் பார்த்தார். கணீரென்று வந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தையல் பிரிக்க வந்தபோது, அந்த அம்மாவின் உதடு எப்படி அசைந்தது என்று தன் உதட்டை அசைத்துக் காட்டினார்.

அடுத்த பௌர்ணமிக்குள் அந்த அம்மா இறந்துவிட்டார்.

சேதி கேட்டுப் போனேன். அந்தத் தெருவில் யார் செத்தாலும் பாடுகிறவர் அவர்தான். எல்லோரும் காத்திருந்தார்கள். மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார். பின்னாலிருந்து யாரோ, "இப்பதானே ஆபரேஷன் ஆச்சு, தொண்டையில என்னா பண்ணாங்களோ" என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டு அருகே கூப்பிட்டார்.

"நீங்கதான் கொழாயே போடலியே டாக்டரம்மா" என்றார் ரகசியம்போல. "அப்புறம் ஏன் வரமாட்டேங்குது?"

"தொண்டையில ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்றேன்.

அவர் திரும்பி அந்த அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.